கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

ஓர் ஊரில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறாள். பேத்தியை நெல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். சம்பந்தி வீட்டாரிடமிருந்து தெலுங்கில் ஒரு கடிதம் வருகிறது. பாட்டிக்குத் தெலுங்கு தெரியாது. அடுத்த தெருவில் இருக்கும் ஆசிரியருக்குத் தெரியும். அவர் கடிதத்தை வரிவரியாகப் பார்த்துத் தமிழில் பொருள் சொல்கிறார். பாட்டிக்கு ஒரு முறை கேட்டால் போதவில்லை. மறுநாளும் வருகிறாள், அதற்கு மறுநாளும் வருகிறாள். ஆசிரியரும் முகம் கோணாமல், ஒவ்வொரு நாளும் முதல் வரியிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இந்த ஆசிரியரின் வேலையைப் போன்றது. ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் உயிராக இருப்பது அதன் செயலி. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் ஒரு தனிக் கட்டளை மொழி உண்டு. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றுக்குப் புரியாது. அப்படியானால், பழைய கணிப்பொறிக்காக எழுதிய நிரல்களைப் புதிய கணிப்பொறியில் ஓட்டுவது எப்படி? புதிய கணிப்பொறியின்மேல், பழையதைப் போலவே நடந்துகாட்டும் நிரல் ஒன்றை எழுதி வைக்கிறோம். அது பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, பழைய செயலி என்ன செய்திருக்குமோ அதையே செய்து காட்டுகிறது. இதற்கு எமுலேட்டர் என்று பெயர். நாடக மேடையில் அரசனாக வேடம் பூண்டவன் அரசனைப் போலவே நடப்பதுபோல, ஒரு கணிப்பொறி மற்றொன்றாக வேடம் பூணுகிறது எனலாம்.

இந்தத் தேவை புதியதன்று. 1964-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் சிஸ்டம் 360 என்னும் கணிப்பொறி வரிசையை அறிவித்தார்கள். அவர்களிடம் முன்பே 1401 என்னும் பொறியை வாங்கியிருந்தவர்கள் பலர். அவர்கள் பாடுபட்டு எழுதிய நிரல்களையெல்லாம் தூக்கி எறியச் சொன்னால் புதிய பொறியை யார் வாங்குவார்கள்? ஆகவே, புதிய வரிசையில் சில பொறிகள் 1401-ஐப் போலவே நடக்கும்படி வசதி செய்து கொடுத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இன்டெல் 8080 என்னும் செயலியைக் கொண்ட ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறியைப் பற்றிய செய்தி அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. பால் ஆலன், பில் கேட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அதற்கு பேசிக் மொழியை எழுதித் தர முன்வந்தார்கள். ஆனால், அவர்களிடம் அந்தக் கணிப்பொறியே இல்லை! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பி.டி.பி.-10 என்ற பெரிய கணிப்பொறி இருந்தது. ஆலன், அந்தப் பெரிய பொறி 8080-ஆக வேடம் பூணும்படி ஒரு நிரல் எழுதினார். அந்த வேடத்தை நம்பியே பேசிக் எழுதப்பட்டது. பிறகு அவர் விமானமேறி அல்புகர்க்கி நகருக்குச் சென்று, உண்மையான ஆல்டேரில் அதை ஓட்டினார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டார். நான்கு என்று விடை வந்தது. வேடத்தில் ஒரு கட்டளை பிசகியிருந்தாலும் அங்கே என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த 8080 செயலியைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். 1974-இல் வந்த பழைய செயலி, அளவில் எளியது. அதன் நினைவகத்தில் 65,536 அறைகள். ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். கற்றுக்கொள்ள விரும்புகிறவனுக்கு ஏற்ற பொருள் என்று கருதி, ஓய்வு நேரங்களில் அதற்கு ஓர் எமுலேட்டர் எழுதினேன். கட்டளையை எடு, அது இன்னதென்று தெரிந்துகொள், செய், அடுத்த கட்டளைக்குப் போ. செக்குமாடு சுற்றுவதைப் போல இந்த வேலைகள் ஓயாமல் நடக்கும். என் நிரலும் சரியாகத்தான் ஓடியது. ஆனால், நான் எதிர்பார்த்த வேகம் அதில் இல்லை.

விரைவாக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. உடனே ஒரு தவறு செய்தேன். டி.ஏ.ஏ. என்று ஒரு கட்டளை உண்டு. பதின்ம எண்களைக் கூட்டும்போது விடையைத் திருத்தி அமைப்பது அதன் வேலை. அதற்கு நான் எழுதிய பகுதி நீளமாகவும் அழகின்றியும் இருந்தது. குற்றவாளி இதுவே என்று முடிவுகட்டி, பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு அதைச் செதுக்கிச் சீராக்கினேன். நிரலை ஓட்டிப் பார்த்தேன். வேகம் எள்ளளவும் கூடவில்லை.

ஏன்? அந்தக் கட்டளை நான் ஓட்டிய நிரல்களில் அபூர்வமாகவே வந்தது. வராத விருந்தாளிக்கு வாசல் கூட்டியிருந்தேன்!

டொனால்டு நூத் என்ற கணிப்பொறி அறிஞர், மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல்களைத் திரட்டி ஆராய்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிரலில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான பகுதியே, பொதுவாக, ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். சிஸ்டம் 360-ஐ வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான ஜீன் ஆம்டால் 1967-இல் வெளியிட்ட கருத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு வேலை 100 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 விநாடி எடுக்கும் பகுதியை மந்திரத்தால் மாயமாக்கினாலும் 98 விநாடி மிஞ்சும். 60 விநாடி எடுக்கும் பகுதியை மூன்று மடங்கு விரைவாக்கினால், அது 20 விநாடியாகும். மொத்தம் 60 விநாடியில் முடிந்துவிடும். ஆகவே, அடிக்கடி நடக்கும் பாதை எது என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அதை ஊகிக்கக் கூடாது; அளக்கவேண்டும்.

நானும் அளந்தேன். நேரத்தைத் தின்றவை கொடிகள் என்று தெரிந்தது. கொடி என்றால் என்ன? 8080 செயலி ஒரு கூட்டலைச் செய்து முடித்ததும், விடையைப் பற்றி ஐந்து குறிப்புகளை எழுதி வைக்கிறது. விடை பூச்சியமா? குறையெண்ணா? ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா? விடை 255-ஐத் தாண்டியதா? பாதி வழியில் ஏதேனும் மேலேறியதா? இந்த ஐந்துக்கும் கொடிகள் என்று பெயர். உண்மையான செயலியில் இவை கூட்டலோடு கூடவே பிறந்துவிடும். நிரலிலோ ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டாக வேண்டும். கூட்டல் ஒரு பங்கு வேலை என்றால், கொடிகள் பல பங்கு வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கொடிகளை யாரும் பார்ப்பதே இல்லை. பார்ப்பதற்கு முன்பே அடுத்த கட்டளை அவற்றை அழித்து எழுதிவிடுகிறது.

ஆகவே, கேட்டால் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கடைசியாக நடந்த கணக்கின் எண்களையும் விடையையும் குறித்து வைப்பது. எந்தக் கட்டளையாவது கொடியைக் கேட்டால் அப்போது கணக்கிட்டுச் சொல்வது. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறைதான் இது. வேகம் கண்கூடாகக் கூடியது. நான் பெருமையில் மிதந்தேன். அந்தப் பெருமை நெடுநாள் நிற்கவில்லை.

நீங்கள் சிறுவயதில் கூட்டல் போட்டது நினைவிருக்கும். எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்தை எழுதி, ஒன்றை மனத்தில் வைத்துக்கொள் என்று ஆசிரியர் சொல்வார். 8080-உம் அப்படியே. ஓர் அறையில் 255-க்கு மேல் கொள்ளாது அல்லவா? பெரிய எண்ணை இரண்டு, மூன்று அறைகளில் பிரித்து வைத்து, வலப்புறத்திலிருந்து அறை அறையாகக் கூட்டவேண்டும். மேலேறும் ஒன்றை மனத்தில் வைத்திருப்பது ஒரு கொடி. ஓர் அறையைக் கூட்டியதும், இன்னும் எத்தனை அறைகள் என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கவேண்டும். அதற்கு டி.சி.ஆர். என்று ஒரு கட்டளை. அது மற்ற நான்கு கொடிகளையும் மாற்றும். மனத்தில் வைத்த ஒன்றை மட்டும் தொடாது. காரணத்தோடுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

நானோ கடைசிக் கணக்கு எதுவோ அதிலிருந்தே எல்லாக் கொடிகளையும் கணக்கிட்டேன். எண்ணிக்கை குறைந்ததும், முன்பு மனத்தில் வைத்த ஒன்று மறைந்துவிட்டது. சிறு எண்களைக் கூட்டிச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே வந்தது. மேலேற எதுவும் இல்லாதபோது மறக்க என்ன இருக்கிறது? ஒரு நாள் 255-உடன் 1-ஐக் கூட்டும்படி நேர்ந்தது. 256 வரவேண்டிய இடத்தில் பூச்சியம் வந்து நின்றது.

நேயர்களே, அந்தப் பூச்சியத்தை நான் மறக்கவில்லை. மெதுவாக ஓடும் நிரலைக் கண்டால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். விரைவாக ஓடித் தவறான விடை தரும் நிரலோ நம்மை ஏமாற்றுகிறது. அதுவும் பத்துக்கு ஒன்பது முறை சரியான விடை தந்து நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு ஏமாற்றுகிறது.

திருத்தம் எளிதாகவே இருந்தது. அந்த ஒரு கொடியை மட்டும் தனியாக, அவ்வப்போதே கணக்கிட்டு வைத்தேன். அதற்கு ஆகும் வேலை மிகக் குறைவு. ஆனால், வேறு ஒன்றையும் செய்தேன். என் பழைய, மெதுவான நிரலை அழிக்காமல் வைத்திருந்தேன். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டேன். மேலேறிய ஒன்றையும் சேர்த்துக் கூட்டும் கட்டளைக்கு 256 எண்கள் ஒரு பக்கம், 256 எண்கள் மறுபக்கம், ஒன்று உண்டு அல்லது இல்லை என இரண்டு நிலைகள். பெருக்கினால் 1,31,072 கணக்குகள். இன்றைய கணிப்பொறி இவை அத்தனையையும் இமைப்பொழுதில் போட்டுப் பார்த்துவிடும். ஊகிப்பானேன்? எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே.

இனி, நம் பாட்டியம்மாளிடம் திரும்புவோம். பத்தாம் நாள் ஆசிரியருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. கடிதம் முழுவதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு பாட்டி எத்தனை முறை கேட்டாலும் தாளைப் பார்த்துப் படித்தால் போதும். எமுலேட்டர்களிலும் இதுவே பெரிய முன்னேற்றம். திரும்பத் திரும்ப நடக்கும் கட்டளைத் தொகுதியை ஒரு முறை புதிய செயலியின் மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே நேராக ஓட்டுகிறார்கள். மொழிபெயர்ப்பதற்கும் நேரம் ஆகும். ஆதலால், ஒரு முறையே நடக்கும் பகுதியைப் பெயர்ப்பது நஷ்டம். இங்கும் அளவைதான் வழிகாட்டி. மேலும், தொகுதி முழுவதையும் ஒருசேரப் பார்ப்பதால், எந்தக் கொடியை யாரும் கேட்கப் போவதில்லை என்பது முன்கூட்டியே தெரிகிறது. அதைக் கணக்கிடாமலே விட்டுவிடலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நெல்லூரார் கடிதத்தில் ஒரு வரியை அடித்து மாற்றி எழுதிவிட்டால், தமிழ்த் தாள் பொய்யாகிவிடும். 8080-இல் நிரலும் எண்களும் ஒரே நினைவகத்தில் இருக்கின்றன. ஒரு நிரல் தன் கட்டளைகளையே மாற்றி எழுதிக்கொள்ள முடியும். அவ்வாறு மாற்றியதைக் கவனித்து, பழைய மொழிபெயர்ப்பை எறிந்துவிடும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

1996-இல் டிஜிட்டல் நிறுவனத்தார், இன்டெல் செயலிகளுக்கான நிரல்களைத் தங்கள் ஆல்ஃபா செயலியில் ஓட்டுவதற்கு இத்தகைய மொழிபெயர்ப்பையே நம்பினார்கள். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நாட்டவர் 2003-இல் வெளியிட்ட க்யூஇமு என்ற நிரலும், 2020-இல் ஆப்பிள் நிறுவனத்தார் தந்த ரோசெட்டா 2 என்ற நிரலும் இதே வழியில் வந்தவை. இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 செயலி, 8080-இன் ஐந்து கொடிகளையும் அப்படியே வைத்துக்கொண்டது. அதன் வழிவந்த செயலிகளிலும் அவை தொடர்ந்து வந்தன. எனவே, நான் இடறி விழுந்த அதே இடத்தைப் பெரிய நிரல்களை எழுதியவர்களும் பார்த்துத்தான் கடந்திருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை நிரல் எழுதப் போகிறீர்கள். வேகம் வேண்டும் என்று ஆசைப்படுங்கள். அது நல்ல ஆசை. கையை வைப்பதற்கு முன் அளந்து பாருங்கள். அடிக்கடி நடக்கும் பாதையை மட்டும் செப்பனிடுங்கள். செப்பனிட்ட பின், பழைய பாதை கொண்டுபோய் விட்ட ஊருக்கே புதிய பாதையும் போகிறதா என்று நடந்து பாருங்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும், மனத்தில் வைத்த ஒன்றை மறந்துவிடாதீர்கள்.