திருப்பூரை எந்தக் கணக்குல சேர்க்கறது?

வெளிநாட்டுல ஒரு நெருக்கடி வந்தா ஒரு நாடு எவ்வளவு அடி வாங்கும்னு அளக்க ஐ.நா. ஒரு குறியீடு வெச்சிருக்கு. அதுல ஒரு முக்கியமான கேள்வி: ஏற்றுமதி ஒண்ணு ரெண்டு பொருளை மட்டும் நம்பி இருக்கா?

பங்களாதேஷ்ல ஏற்றுமதியில 80 சதவீதத்துக்கு மேல ஆடைதான். இந்தியா அப்படி இல்ல. மருந்து, பெட்ரோலியப் பொருள், வைரம், இயந்திரம்னு பல சரக்கு போகுது. கணக்குப்படி பயப்பட ஒண்ணுமில்ல.

ஆனா நான் கோயமுத்தூர்ல இருந்து பேசறேன். பக்கத்துல திருப்பூர். அந்த ஊர்கிட்ட இதே கேள்வியைக் கேளுங்க. பனியன், பனியன், பனியன்! அதுலயும் மூணுல ஒரு பங்குக்குப் பக்கம் அமெரிக்காவுக்கு.

2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல வரியை 50 சதவீதமாக்குச்சு. மருந்துக்கும் செல்போனுக்கும் அப்போ விலக்கு இருந்துச்சு. பனியனுக்கு இல்ல.

எங்க சித்தி அங்க பீஸ் ரேட்டுக்கு செக்கிங் பாக்கறாங்க. செப்டம்பர்ல போன் பண்ணேன். “ஒன்றரை ஷிப்டு போச்சு கண்ணு, வாரத்துல மூணு நாள்தான் வேலை”ன்னாங்க. அதே ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு நாட்டோட வளர்ச்சி 8.2 சதவீதம்னு அறிவிச்சாங்க. ரெண்டுமே உண்மைதானுங்க. அதான் எனக்கு உறுத்துது.

நாடு முழுக்க ஒரே எண் போட்டா சித்தியோட சனிக்கிழமைச் சம்பளம் அதுல கரைஞ்சு போயிடும். 2020-லேர்ந்து ஷிப்பிங் பில்லுல சரக்கு எந்த மாவட்டத்துதுன்னு எழுதியாகணும். அப்போ தகவல் கையில இருக்கு. திருப்பூருக்கு, கரூருக்குன்னு தனித்தனியா அந்தக் குறியீட்டைப் போட என்ன தடை?