முடிச்சுப் போட்டுப் பார்த்தால் வரலாறு புரியும்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி, "தாத்தா, காந்தி ஏன் சட்டையை விட்டார்?" என்று கேட்டாள். "நம்ம மதுரையிலதான், 1921 செப்டம்பர் 22" என்றேன். "ஏன்னு கேட்டேன், எப்பன்னு கேட்கல" என்றாள். வங்கியில் இருந்த காலத்தில் மேலமாசி வீதியில் அந்த வீட்டைத் தினமும் கடந்து போனவன் நான். பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே அவளை அங்கே கூட்டிப் போனேன். காந்தி தங்கியிருந்த அந்த வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. துணியின் விலையைப் பார்த்தவள், "ஏழைங்க எப்படி வாங்குவாங்க?" என்றாள். பதில் அதுதான். அந்நியத் துணியை விடச் சொன்னார் காந்தி. கதர் வாங்க வசதியில்லை என்றார்கள் மக்கள். அப்படியானால் இடுப்புத் துணி போதும் என்று தாமே உடுத்திக் காட்டினார். தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில், 1948இல் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியையும் பார்த்தோம். பேத்தி வெகுநேரம் பேசவே இல்லை.

அடுத்த வாரம் கீழடி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நூல் நூற்றதற்குச் சாட்சியாகச் சுடுமண் தக்களிகள் அங்கே இருக்கின்றன.

பிறகு வீட்டிலேயே சுங்குடி போட்டுப் பார்த்தோம். பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை எடுத்தோம். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, மஞ்சள் கரைத்த நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி அவிழ்த்தோம். கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி! நான் கட்டியவை தளர்வு. சாயம் உள்ளே இறங்கிவிட்டது. முப்பது முடிச்சுக்கே விரல் வலித்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு வேண்டும்.

மதுரைச் சௌராஷ்டிரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று கடைகளில் பெரும்பாலும் அச்சுப் புள்ளிதான். கையால் முடிச்சுப் போடுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் பிள்ளைகளை இந்த இடங்களுக்கு அழைத்துப் போங்கள். நம் குடியிருப்பில் முடிச்சுப் போடத் தெரிந்த அம்மாக்கள், பாட்டிமார் இருந்தால் ஒரு ஞாயிறு மாலை நமது கூடத்தில் சொல்லிக் கொடுங்கள். முதல் மாணவனாக நான் வருகிறேன். என் முடிச்சு இன்னும் இறுகவில்லை.