மேலெழுத்தும் அடியெழுத்தும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பழைய ஏடுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்டவை எகிப்து நாட்டில் கிடைத்த யூத ஏடுகள். பழைய கெய்ரோவாகிய புஸ்தாத்தில் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. இறைவன் திருப்பெயர் எழுதிய எதனையும் எறிந்துவிடுதல் யூதர் மரபன்று. நைந்த ஏடுகளை ஓர் அறையில் இட்டு வைப்பர். பின்னர் மண்ணில் புதைப்பர். அவ்வறைக்குக் கெனீசா என்று பெயர். பென் எஸ்ராவில் இட்டவையோ பெரும்பாலும் புதைக்கப்படாமலே பல நூற்றாண்டுகள் கிடந்தன. எபிரேய எழுத்தில் அமைந்தது எதுவாயினும் உள்ளே போயிற்று. வேதமும் உண்டு; வணிகர் கடிதமும் மண ஒப்பந்தமும் சிறுவர் எழுதிப் பழகிய தாளும் உண்டு.

1896ஆம் ஆண்டு ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரியர் கீழைநாட்டுப் பயணத்தில் வாங்கிய சில துண்டுகளோடு கேம்பிரிட்ஜ் திரும்பினர். பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் பட்டம் வழங்காத காலம் அது. 1948 வரையில் வழங்கவில்லை. ஆயினும் அவ்விருவரும் கற்றறிந்த புலமையர். சீனாய் மலை மடத்தில் 1892இல் பழைய சீரிய நற்செய்தி ஏட்டைக் கண்டறிந்தவர் ஆக்னஸே. தாம் கொணர்ந்தவற்றை அவர்கள் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். அங்கே தால்முது பயிற்றிவந்த யூத அறிஞர் அவர். ஒரு தாளைக் கண்டதும் திகைத்துப்போனார். அது பென் சீராவின் நூல். மூலமொழியாகிய எபிரேயத்தில் மறைந்துபோனதென்று உலகம் நம்பியிருந்த நூல்.

நம் கத்தோலிக்க அன்பர்கள் விவிலியத்தில் 'சீராக்கின் ஞானம்' என்று படிப்பது இதனையே. யூதர்தம் வேதத் தொகுப்பில் இதற்கு இடமில்லை. சகோதரியரோ பிரெஸ்பிட்டேரியன் சபையினர். அவர்கள் வேதத்திலும் இஃது இல்லை. தத்தம் வேதத்தில் இடம்பெறாத ஒரு நூலுக்காக இருதிறத்தாரும் மெய்ம்மறந்து நின்ற அந்தக் காட்சியை எண்ண எண்ண எனக்கு இன்பமாயிருக்கிறது.

அவ்வாண்டு இறுதியில் ஷெக்டர் கெய்ரோவுக்குப் புறப்பட்டார். பொருளுதவி செய்தவர் சார்ல்ஸ் டெய்லர்; கல்லூரித் தலைவர், கிறித்தவக் குருவானவர், யூத முன்னோர் மொழிகளை 1877இல் பதிப்பித்தவர். இன்று கேம்பிரிட்ஜில் இருவர் பெயராலும் வழங்கும் தொகுப்பில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அத்துண்டுகளில் சில, இருமுறை எழுதப்பெற்ற தோலேடுகள். தோல் விலையுயர்ந்தது, ஆகவே பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு அதன்மேல் புதிதாக எழுதுவர். அடியெழுத்து கிரேக்கம், மேலெழுத்து எபிரேயம். அடியில் இருந்தது அக்குவிலாவின் வேத மொழிபெயர்ப்பு. 2ஆம் நூற்றாண்டில் யூத சமயம் தழுவிய அவர், சொல்லுக்குச் சொல் வழுவாது பெயர்த்தவர். (மொழிபெயர்ப்பில் கைவைத்த நண்பர்கள் அவர் பட்ட பாட்டை உணர்வார்கள்.) யூதர் ஒருகாலத்தில் போற்றிப் பின் கைவிட்ட அம்மொழிபெயர்ப்பு, பெரும்பாலும் கிறித்தவ ஆசிரியர்தம் மேற்கோள்களிலேயே எஞ்சியிருந்தது. எனவே பெருமகிழ்ச்சி! பர்க்கிட் 1897இலும், டெய்லர் 1900இலும் அவ்வேடுகளை வெளியிட்டனர். கற்றோர் கண்கள் தேய்ந்த கிரேக்க எழுத்தை உற்று நோக்கின.

மேலே தெளிவாக நின்ற எபிரேயம் என்னவாயிற்று? அதுவும் பாட்டுத்தான். ஆனால் அதனை நின்று படிப்பார் அரியராயினர். பிற்கால யூத இலக்கியம் உயிரற்றது என்னும் எண்ணம் அந்நாளைய மேலைக் கல்வியுலகில் வேரூன்றியிருந்தது. வேத ஆராய்ச்சியின் பெயரால் யூதரை இழிவுசெய்யும் போக்கை ஷெக்டர் 1903இல் ஓர் உரையில் கடிந்தார். டெய்லரிடம் அவ்விழிவு நோக்கு இருந்ததாக நான் கருதவில்லை. அவர் தேடியது வேறு, அவ்வளவே. நட்புள்ளவர் கண்ணுக்கும் தப்பியது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பிறகு அமெரிக்காவில் இஸ்ரேல் டேவிட்சன் என்பார் அம்மேலெழுத்தை முறையாகப் படித்தார். செய்யுட்களின் முதலெழுத்துகளைக் கோத்துப் பார்த்தபோது ஒரு பெயர் வந்தது: யன்னாய். 1919இல் அவர் அதனை நூலாக வெளியிட்டார்.

யன்னாய் 6ஆம் நூற்றாண்டளவில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்த கவிஞர் என்பர். அதுவரை அவர் பாடலாக அறியப்பட்டது மிகச் சிலவே. அவரைப் பற்றி ஒரு கதைமட்டும் நிலைத்திருந்தது. தம் மாணவர் கலீரின் புகழைப் பொறாது, அவர் செருப்பில் தேளை விட்டுக் கொன்றாராம். ஆதலால் அவர் பாடலை ஓதுவதில்லை என்று 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. மெய்யோ பொய்யோ, ஒரு மகாகவிக்கு மிஞ்சியது ஒரு தேள்! கவிஞர்கள் நிறைந்த அவையில் இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

டேவிட்சனுக்குப் பின் மெனகெம் சுலாய் என்னும் அறிஞர், பல நாட்டு நூலகங்களில் சிதறிக்கிடந்த கெனீசாத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, யன்னாயின் பாடல்கள் ஏறத்தாழ 800ஐத் திரட்டினார். அந்நூல் அச்சானது பெர்லினில், 1938இல். அவ்வாண்டு நவம்பரில்தான் ஜெர்மனியெங்கும் யூதத் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டன.