கொழுந்தின் கலத்துக்குள்ளே



ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்வோர் தலவாக்கலையை அறிவர். அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில், 1925 ஆம் ஆண்டில் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. தாய்ச்செடியின் குணம் மாறாமல், ஓரிலைத் துண்டிலிருந்து புதுச்செடி வளர்க்கும் முறை நம் தோட்டங்களில் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. குணம் மாறாதிருக்க வேண்டுமாயின், கலம் பிரியுந்தோறும் தேயிலையின் 30 நிறமூர்த்தங்களும் பிரதியாகி, இரு புதுக் கலங்களுக்கும் வழுவாது சேர வேண்டும்.

அவற்றை இழுத்துச் சேர்ப்பவை நுண்புன்குழாய்கள். டியூபுலின் என்னும் புரதம், அல்பா, பீற்றா என இரண்டிரண்டாக இணைந்து, அடுக்கடுக்காக நின்று குழாயாகின்றது. அதன் பருமன் ஒரு மில்லிமீற்றரில் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு. வளரும் குழாய் திடீரெனச் சுருங்கும்; மீண்டும் வளரும். நிறமூர்த்தத்தைப் பற்றிக்கொண்ட குழாயே நிலைக்கும். இவ்வியல்பை மிற்சிசன், கேர்ஷ்னர் என்போர் 1984 இல் எடுத்துக்காட்டினர்.

குழாய்க்கு வித்து எது? 1989 இல் ஒரு பூஞ்சணத்தில் கண்டறியப்பட்ட காமா டியூபுலின். கொழுந்து கிள்ளும் விரலின் கலங்களில் அது மையமூர்த்தத்தைச் சூழ்ந்திருக்கும். கிள்ளப்படும் கொழுந்திலோ மையமூர்த்தமே இல்லை! காமா டியூபுலின், கருவின் மேற்பரப்பிலும் முன்பே உள்ள குழாய்களின் பக்கங்களிலும் அமர்ந்து, புதுக் குழாய்களைத் தொடக்கிவிடுகின்றது. கங்காணியார் இல்லாத மலையிலும் கொழுந்து நிறைகின்றது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டியூபுலினை அடையாளங்காண உதவியது ஒரு நஞ்சு. கொல்சிசின் என்பது அதன் பெயர். அது பற்றிக்கொள்ளும் புரதத்தைத் தேடிச் சென்றே சிக்காகோவில் போரிசியும் ரெயிலரும் 1967 இல் டியூபுலினைப் பிரித்தறிந்தனர். இதே நஞ்சைத் தேயிலை மொட்டில் அளவாக இட்டால், இரட்டித்த நிறமூர்த்தங்கள் பிரிய வழியின்றி ஒரே கலத்தில் தங்கி, 60 ஆகிவிடும். புதுவகைச் செடி தேடுவோர் இதைக் கையாண்டுள்ளனர்.

அந்நஞ்சு நமக்கு அந்நியமன்று. கார்த்திகைக் கிழங்கில் உள்ளது. வற்றாளங்கிழங்கென்று மயங்கி அதை உண்டு மாண்டோர் இந்நாட்டில் உண்டு. குடலின் உட்சுவரிலும் எலும்பு மச்சையிலும் ஓயாது பிரியும் கலங்களே முதலில் நின்றுபோகின்றன. உண்டவர் முதற்சில மணி நேரம் நலமாகவே தோன்றலாம்; அதை நம்பி வீட்டில் வைத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிழைத்தவர்க்கும் இரண்டொரு வாரத்தில் தலைமயிர் உதிர்வதுண்டு. மயிர்க்கால்களிலும் கலப்பிரிவு தடைப்பட்டதே காரணம். பின்னர் அது முளைத்துவிடும்.