மலைக்குடிகளின் மண்ணும் மொழியும்
(கோவையில் ஆற்றிய உரை)



கோவைக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையடியில் சீங்கப்பதி, கல்கொத்திப்பதி எனப் பதிகள் பல உள. அங்கு வாழ்வோர் இருளர். தெற்கே ஆனைமலையில் காடர், முதுவர், மலைமலசர் வாழ்கின்றனர். நம் ஆலைகள் எழுமுன்பே அக்காட்டைக் காத்தவர்கள் இவர்கள்.

இருளர் பேச்சைக் 'கொச்சைத் தமிழ்' என நகுவார் நம்மிடையேயும் உளர். செக்கு நாட்டறிஞர் கமில் சுவலபில் அம்மொழியை ஆய்ந்து 1973-இல் நூல் வெளியிட்டார். அது தமிழின் திரிபன்று, தமிழுக்கு நெருங்கிய உறவுடைய தனிமொழி என்பதே அவர் முடிபு. தமிழைப் பிறர் இழித்தாற் கொதிக்கும் நாம், உடன்பிறந்த மொழியை இழிப்பது எவ்வகையில் முறை? 1956-இல் மொழிவழி எல்லை வகுத்தபோதும் இம்மொழியை எவரும் எண்ணவில்லை. அட்டப்பாடி இருளர் கேரளத்தார் ஆயினர். இப்பக்கத்து இருளர் தமிழகத்தார் ஆயினர்.

மண்ணின் நிலை இன்னுங் கொடிது. 1882-இல் வெள்ளையர் சென்னைக் காட்டுச் சட்டத்தைச் செய்தனர். காட்டுக்குரியவரே காட்டில் நுழைய இசைவு கேட்க நேர்ந்தது. ஆனைமலையிற் காடழித்துத் தேயிலை நட்டனர். வெள்ளையன் போனான், சட்டம் போகவில்லை! வால்பாறையை அடுத்த கல்லார்க் குடியிருப்பு 2019 மழையில் மண்சரிந்து அழிந்தது. அங்கிருந்த காடர்கள் தேயிலைத் தோட்ட வீடுகளில் ஒதுக்கப்பட்டனர். தம் காட்டிலேயே தெப்பக்குளமேட்டில் குடியேற அவர்கள் ஈராண்டு போராட வேண்டியிருந்தது.

ஆத்திரேலியாவிலும் இதுவே நடந்தது. 'ஆளற்ற நிலம்' என்று சொல்லியே வெள்ளையர் அங்குக் குடியேறினர். மேர் தீவினரான எட்டி மாபோ 1982-இல் வழக்குத் தொடுத்தார். தோட்ட எல்லைகளை அத்தீவு முதியோர் தம் வாய்மொழியால் நிறுவினர். 3-6-1992-இல் உயர் வழக்குமன்றம் தொல்குடியினரின் நிலவுரிமையை ஏற்றது. மாபோ அதைக் காணவில்லை; அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார்.

நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் உள்ளது. 13-12-2005-க்கு முன்பிருந்தே நிலத்தை ஆண்டுவரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். முறையீட்டை முதலில் ஆராய்வது ஊரவையே. ஊர் முதியவர் சொல்வதை எழுதிவைத்தால் அதுவும் சான்றாகும் என அதன் விதிகள் கூறுகின்றன. ஆகவே, எந்த ஓடை, எந்தப் பாறை என்று ஒரு கிழவி தன் மொழியிற் சொல்லும் பெயர்தான் அவள் நிலத்துக்கு ஆவணம். அப்பெயர் மறந்தால் நிலத்துக்குச் சான்றும் போயிற்று.

எழுதத் தெரிந்த இளைஞர்கள் இக்கூட்டத்திற் பலர் இருக்கின்றீர்கள். ஓய்வுநாளில் பதிகளுக்குச் செல்லுங்கள். அவர்கள் இசைந்தால், முதியோர் சொல்வதை அவர்கள் ஒலித்தபடியே எழுதிக் கொடுங்கள். நம் தமிழுக்கேற்பத் திருத்திவிடாதீர்கள்!