கட்டுவிரியனைக் காட்டிக்கொடுக்கும் செதில்கள்

வடகிழக்குப் பருவமழையில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஏரிகளை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் பாம்பு புகும்போது, மக்கள் அதன் நிறத்தையும் வரிகளையும் கொண்டே பெயர் சொல்கிறார்கள். பாம்பியலாளர்களோ செதில்களையே நம்புகிறார்கள். வயதுக்கும் சட்டை உரிக்கும் பருவத்துக்கும் ஏற்ப நிறம் மாறித் தோன்றலாம். பிறக்கும்போது அமைந்த செதில் எண்ணிக்கையோ பாம்பு எவ்வளவு வளர்ந்தாலும் மாறாது. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸலும் ஒவ்வொரு பாம்புக்கும் இக்கணக்கைக் குறித்துவைத்தார்.

எண்ணப்படுபவை முக்கியமாக மூன்று. உடலின் நடுவில், ஒரு விலாவிலிருந்து முதுகைக் கடந்து மறு விலா வரை சாய்வாக எண்ணினால் கிடைப்பது முதுகுச் செதில் வரிசை; தொண்டையிலிருந்து கழிவாய் வரை குறுக்கே அகன்று கிடப்பவை வயிற்றுச் செதில்கள்; அதற்குப் பின் வால் நுனி வரை உள்ளவை வாலடிச் செதில்கள். இருபுறமும் முதுகுச் செதிலின் கடைசி வரிசையைத் தொடும் முதல் தகட்டிலிருந்தே வயிற்றுச் செதிலை எண்ண வேண்டும் என்பது 1951-இல் பாம்பியலாளர் டௌலிங் வகுத்த விதி.

இக்கணக்கின் முழுப் பயன் கட்டுவிரியனிடம்தான் தெரிகிறது. கரிய உடலில் வெண்பட்டைகள் கொண்ட அதனோடு, நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனைக் குழப்பிக்கொண்டு அடித்துக் கொல்வோர் பலர். கட்டுவிரியனுக்கு முதுகுச் செதில் பொதுவாக 15 வரிசை. நடுமுதுகில் ஓடும் வரிசை மட்டும் அறுகோண வடிவில் பெரிதாக இருக்கும். வாலடிச் செதில்கள் பிளவுபடாமல் ஒற்றையாக இருக்கும். வரையனுக்கு 17 வரிசை, முதுகில் பெரிய செதில் இல்லை, வாலடிச் செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். நேயர்கள் கவனிக்க வேண்டியது, இவ்வேறுபாடுகள் மதிலோரம் கிடக்கும் சட்டையிலும் உருப்பெருக்கியின் கீழ் தெரியும் என்பதே.

உயிருள்ள பாம்பை எவரும் நெருங்கி எண்ண முயலக்கூடாது. அதை வனத்துறையினரிடமோ தீயணைப்புத் துறையினரிடமோ விட்டுவிட வேண்டும். கட்டுவிரியனின் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம் என்பதால், கடிபட்டவர் எந்தப் பாம்பு என்று ஆராய்ந்து நேரத்தைக் கழிக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்வதே உயிர் காக்கும் வழி.