வீட்டைக் கட்டினால் போதுமா?



எபிக் ஹோம்ஸ் என்ற அமைப்பு 2010 முதல் ஒராங் அஸ்லி கம்பங்களில் வீடு கட்டிக் கொடுத்து வருகிறது. கட்டுபவர்கள் குத்தகைக்காரர்கள் அல்லர். சுத்தியல் பிடித்தே அறியாத மாணவர்களும் இளைஞர்களும். முதலில் பயிற்சி. பிறகு காலையில் பசியாறிவிட்டு இறங்கினால் பொழுது சாயும்வரை வேலை. அந்தக் குடும்பமும் கூடவே நின்று உழைக்கும். மூன்றே நாளில் வீடு எழுந்துவிடும்.

உங்கள் பிள்ளை போகக் கேட்டால் தடுக்காதீர்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள்: "இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?"

1954ஆம் ஆண்டு பூர்வகுடியினர் சட்டப்படி, அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தையும் மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டிங்கில் அருகே புக்கிட் தம்போயில் 1995இல் அதுதான் நடந்தது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களை வெளியேற்றினார்கள். வீட்டுக்கும் பயிருக்கும் நஷ்டஈடு கொடுத்தார்கள். நிலத்துக்கு ஒரு காசு இல்லை. சாகோங் தாசியும் உறவினர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், நிலத்துக்கும் நஷ்டஈடு உண்டு என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நமக்கு இது புதுக் கதையா? தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தோம். தோட்டம் கைமாறியதும் மூட்டை கட்டச் சொன்னார்கள். வீடு இருந்தது, பட்டா இல்லை.

மாணவர்களே, ஆணி அடிக்கப் பழகுங்கள். நிலத்துக்கு மனு எழுதவும் பழகுங்கள்.